மூட்டைக்கு மகமை

நந்தனம் சிக்னலில் தேவர் சிலை நிற்கிறது. அதன் அருகே அண்ணா சாலையிலிருந்து பிரியும் சாமியர்ஸ் ரோட்டுக்கு அரசு வைத்த பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. அந்தப் பசும்பொன் கமுதியை ஒட்டிய கிராமம். என் ஊரும் கமுதி வட்டம்தான். நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் படிக்க வந்தவனுக்கு வேலையும் குடித்தனமும் இங்கேயே அமைந்துவிட்டன. கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் செய்த பணிகளால் ஊர்மக்களுக்கு என்ன விளைந்தது என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு.

சென்னையில் கமுதி என்று சொன்னால் தேவர் குருபூஜையைச் சொல்வார்கள், அதை விட்டால் சோலார் மின்நிலையத்தைச் சொல்வார்கள். இரண்டுக்கும் முந்தைய கமுதி ஒன்று உண்டு. கம்பெனிகளின் பொறுப்பு, மனித உரிமை என்று இன்று அறைக்குள் உட்கார்ந்து பேசுகிற எல்லாவற்றுக்கும் அந்த மண்ணில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. அதிலிருந்து தொடங்கினால்தான் சோலார் கதையை எனக்குச் சரியாகச் சொல்ல வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ராமநாதபுரம் சீமையில் பருத்தியும் கருப்பட்டியும் மாட்டுவண்டியில் போய்வந்தன. வழிப்பறி பயம் அதிகம். நாடார் வணிகர்கள் ஊருக்கு ஊர் அடைப்புள்ள பேட்டைகளைக் கட்டினார்கள். இரவில் வண்டியும் மாடும் சரக்கும் அங்கே பத்திரமாகக் கிடக்கும். அந்தக் காவலுக்கும் ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் சேர்த்துச் சரக்குக்கு இவ்வளவு என்று பிடித்த பணம்தான் மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற வணிக ஊர்களில் உறவின்முறை எனப்பட்ட சமூகச் சங்கம் அதை நிர்வகித்தது. 1885-இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை உறவின்முறையின் பொதுப்பணத்தில் எழுந்த பள்ளி.

மகமையில் நான் மதிப்பது ஒன்று. அது சரக்கின்மீது விழுந்தது. வியாபாரிக்கு அந்த வருஷம் லாபமா, கடனா என்று யாரும் கேட்பதில்லை. மூட்டை இறங்கினால் மகமை எழுதியாக வேண்டும். எங்கே எடுக்கப்பட்டதோ அங்கேயே செலவழிந்தது. அதன் குறையும் சின்னதல்ல. கணக்குக் கேட்கும் உரிமை உறவின்முறைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும்தான். அந்தப் பருத்தியை எடுத்த கூலிப் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை.

உரிமை வழக்கும் கமுதிக்குப் புதிதல்ல. 1897 மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தவர் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1899-இல் மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. 1939-இல்தான் சட்டம் வந்து கதவு திறந்தது. ஆக, உள்ளே விடமாட்டேன் என்றால் லண்டன் வரைக்கும் போய்க் கேட்ட ஊர் அது.

இனி நிலத்துக்கு வருகிறேன். 1803-இல் ராமநாதபுரம் ஜமீனாக ஆனது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சர்வே நடந்து, உழுதவர் என்று காட்ட முடிந்தவர்களுக்குப் பட்டா வந்தது. காட்ட முடியாதவர்கள் கூலியாகவே நின்றார்கள். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் மிளகாய், பருத்தி, சோளம். மழை தொடர்ந்து பொய்த்த வருஷங்களில் பட்டாதாரர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் ‘தரிசு’ என்று எழுதினார்.

அந்தத் தரிசில்தான் என் அப்பா கரி மூட்டம் போட்டார். பட்டாதாரரிடம் மரத்தைக் குத்தகைக்குப் பேசி முன்பணம் கொடுப்பவர் வியாபாரி. வெட்டுவது கூலி ஆட்கள். வெட்டிய கட்டைகளை நட்டுக்குத்தலாகக் கூம்பு போல அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண் பூசி மூடுவார்கள். உச்சியில் நெருப்புப் போட்டு, அடியில் சுற்றிலும் காற்றுக்குத் துளை விடுவார்கள். அப்புறம் பல நாள் ராத்திரி பகலாகக் காவல். எங்காவது மண் பிளந்தால் உடனே அப்ப வேண்டும். தாமதித்தால் கட்டை முழுக்கச் சாம்பல். புகை முதலில் வெள்ளையாக, கனமாக வரும். அது மெலிந்து நீலமாகத் தெரிந்தால் கரி பழுத்துவிட்டது என்று அப்பா துளைகளை அடைப்பார். மூட்டம் பிரிக்கிற அன்று பெண்கள்தான் கரியைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள். கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். தூர்க்கரிக்கு விலை கொஞ்சம் அதிகம். இந்த வேலை எதுவும் அடங்கலில் ஏறாது. கரி பயிர் அல்லவே.

அதே நிலத்தில் ஆடும் மேயும். கீதாரிகள் செம்மறிக் கூட்டத்தோடு வருவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்காக நிலக்காரர் கீதாரிக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். இதுவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

2010 ஜனவரியில் மத்திய அரசு தேசிய சூரியசக்தித் திட்டத்தை அறிவித்தது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது முதல் இலக்கு. 2015-இல் அதை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் பசுமை வீடு திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, கூரையில் சோலார், ஐந்து விளக்கு. ஏழை வீட்டுக்குத்தான் வெயில் முதலில் மின்சாரமாக வந்தது என்பதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். 2012 மின்வெட்டை நந்தனத்துக்காரர்கள் 2 மணி நேர அவஸ்தையாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் நாளின் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜெயலலிதா வெளியிட்ட சூரியசக்திக் கொள்கை, 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. 2014 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று விலை குறித்தது.

அந்த விலையில்தான் 2015 ஜூலையில் அதானி குழுமத்தோடு 648 மெகாவாட்டுக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்தியப் பிரதேசத்தில் அதே நேரத்தில் 5 ரூபாய் சொச்சத்துக்கு ஏலம் போன போது இங்கே ஏன் 7 ரூபாய் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் விலையைப் பற்றித்தான் பேச்சு. நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கமுதியில் நிலையம் எட்டே மாதத்தில் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், கட்டுமானத்தில் 8,500 ஆட்கள், 4,550 கோடி ரூபாய் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. 2016 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று நிறுவனம் சொன்னது. கலிபோர்னியாவின் 550 மெகாவாட் நிலையத்தை முந்தியது. ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. எங்கள் வெயிலைச் சாபம் என்றே கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர். இந்த அளவு நிலத்தை அரசு கையகப்படுத்தவில்லை. பட்டாதாரர்களிடமிருந்து பத்திரம் போட்டு வாங்கப்பட்டது. பல ஊர்களில் சோலார் நிலம் சேர்கிற விதம் எனக்குத் தெரியும். முதலில் உள்ளூர்ப் புரோக்கர் வருவார். கூட்டுப் பட்டாவில் இருக்கிற பங்காளிகளைத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஆள் போகும். பவர் பத்திரம் எழுதுவார்கள். ஊரில் இருக்கிறவருக்கு ஒரு விலை, விவரம் தெரிந்தவருக்கு ஒரு விலை. நடுவில் ஓர் ஓடையோ வண்டிப்பாதையோ இருந்தால் அதுவும் வேலிக்குள் போய்விடும். தண்ணீர் வரத்து நின்ற கண்மாயைப் பற்றி ஊர் பேசத் தொடங்கும்போது கம்பி வேலி போட்டாகிவிட்டிருக்கும்.

இதைக் கேட்க ஒரு கூட்டம் நடந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அனல் மின்நிலையத்துக்கு மக்கள் கருத்துக்கேட்பு உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரிய மின்நிலையம் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இலும் 2017-இலும் குறிப்பாணை போட்டு அதை உறுதிப்படுத்தியது. புகை இல்லை, ஆகவே அனுமதி தேவையில்லை என்பது காரணம். புகை இல்லை என்பது சரி. ஆனால் அந்த அனுமதியோடு சேர்ந்துதான் மக்கள் பேசுகிற ஒரே மேடையும் இருந்தது. அதுவும் போயிற்று.

ஊரில் ஒரு சின்னம்மா இருக்கிறார். அப்பாவோடு கரி பொறுக்கியவர். ஒரு சோலார் வேலியைத் தாண்டி நடந்துகொண்டே கேட்டேன், “இங்க வேலை ஏதும் குடுத்தாகளா சின்னம்மா?”

“வேலி போடயில கல்லுச் சுமந்தோம்ப்பா. புல்லு வெட்டக் கொஞ்ச நாளு கூப்பிட்டாக. இப்பம் உள்ளுக்குள்ள யாரு இருக்கா? மிசினுதான் தொடைக்குது.” கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்: “பட்டா வச்சிருந்தவுகளுக்குப் பணம் வந்துச்சு. வெட்டிப் பொழச்சவுகளுக்கு என்னத்த வரும்? எங்க பேரு எதுல இருக்கு?”

பொறுப்பு என்று சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உள்ளூருக்கு முன்னுரிமை என்றும் அதில் இருக்கிறது. அது வழிகாட்டல்தான், கட்டாயமில்லை என்று கம்பெனி விவகார அமைச்சகம் பிறகு விளக்கியது. 2021 முதல் பெரிய திட்டங்களுக்கு வெளியாரை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. எனக்கு வேலை தருவது அந்த விதி.

சூரியப் பூங்காக்கள் பெரும்பாலும் தாய்க் கம்பெனியின் பெயரில் இருப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தனிக் கம்பெனி. முதல் ஆண்டுகளில் வட்டியும் தேய்மானமும் போக அதில் லாபம் என்று பெரிதாக நிற்காது. லாபம் இல்லையென்றால் 2 சதவீதமும் இல்லை. கரி மூட்டம் நின்று, மேய்ச்சல் நின்று ஊர் அதிகம் தவிக்கிற ஆண்டுகளும் அவையேதான். மூட்டைக்கு மகமை எழுதிய ஊரில், யூனிட்டுக்கு ஒரு பைசா என்று எழுதியிருந்தால் முதல் நாளிலிருந்தே ஊருக்குப் பணம் வந்திருக்கும்.

வரும் நிதியில் நடப்பவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கண் சிகிச்சை முகாமில் புரை நீங்கிய கிழவிகளை நேரில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குக் கட்டிய கழிப்பறையால் பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் இருந்திருக்கிறார்கள். ஆனால் 2011-இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டுக் கொள்கைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: ஒரு நிறுவனம் வேறு நற்பணிகள் செய்யலாம், உரிமையை மதிக்கத் தவறியதற்கு அவை ஈடாகாது. முகாமும் வேண்டும், வேலிக்குள் போன பாதையும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிக்கக் கூடாது.

கர்நாடகத்தின் பாவகடாவில் வேறு வழி எடுத்தார்கள். ஏறத்தாழ 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் உடையவர் கையில் நிலம் இருக்கிறது, வருமானமும் வருகிறது. கமுதிக்கு இதைவிட நல்ல வழி இருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கேயும் நிலமற்ற கூலிகளும் ஆடு மாடு வைத்திருந்தவர்களும் வெளியேதான் நின்றார்கள். குத்தகைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிறவர் பட்டாதாரர்தானே.

பேனலுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, உலகின் சோலார் பாலிசிலிக்கனில் சுமார் 45 சதவீதம் சீனாவின் சின்ஜியாங்கிலிருந்து வருகிறது என்றும், அங்கே உய்குர் மக்கள் அரசின் ஆள்மாற்றுத் திட்டங்களில் கட்டாயமாக வேலை செய்ய வைக்கப்படுகிறார்கள் என்றும் சொன்னது. சீன அரசு மறுத்தது. அமெரிக்கா 2022 ஜூனிலிருந்து அந்தப் பகுதிப் பொருள்களைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவும் பேனலுக்கு 40 சதவீத இறக்குமதி வரி போட்டது. அது உள்நாட்டு உற்பத்திக்காக. உழைப்பவரின் உரிமைக்காக அல்ல.

இதில் எனக்கு நம்பிக்கை தந்த நிகழ்வு ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஆலை திறந்த ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம், அதற்கு முந்தைய ஆகஸ்டில் தன் மலேசிய ஆலையைப் பற்றித் தானே ஓர் உண்மையை வெளியிட்டது. அங்கே ஒப்பந்தச் சேவை நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் வேலைக்குச் சேரக் கட்டணம் வாங்கியதையும், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததையும், சம்பளத்தை நிறுத்தி வைத்ததையும் வெளியார் தணிக்கை கண்டுபிடித்தது. அதை மூடி மறைக்காமல் அறிக்கையில் போட்டார்கள். தேடினால் கிடைக்கும், கிடைத்ததைச் சொல்லலாம், சொன்னால் கம்பெனி இடிந்து விழாது என்பது அதனால் தெரிந்தது.

நிலத்திலும் அப்படித் தேட ஒரு சட்டம் வழி வைத்திருக்கிறது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்று வரையறுக்கும்போது பட்டாதாரரோடு நிறுத்தவில்லை. மூன்றாண்டாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலி, குத்தகைதாரர், வாரக்காரர் ஆகியோரையும் சேர்க்கிறது. சின்னம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. ஆனால் அது அரசு கையகப்படுத்தும்போதுதான் முழுதாகப் பொருந்தும். தனியார் நேரடியாக வாங்கினால், மாநில அரசு குறிக்கும் அளவைத் தாண்டும்போது மட்டும் மறுவாழ்வுப் பகுதி பொருந்தும் என்று 46-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் சிறு சிறு கிரயமாக நடக்கும் வேலையில் அந்தப் பிரிவை யாரும் நினைவூட்டுவதில்லை.

ஒரு நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், பட்டா இல்லாமல் அந்த நிலத்தைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று குக்கிராமம் வாரியாக ஒரு பட்டியல் சேர்த்தேன். யார் கரி போட்டார், யார் கிடை போட்டார், எந்த ஓடை எந்தக் கண்மாய்க்குப் போனது என்றெல்லாம். ‘ஆய்வின் எல்லைக்குள் வராது’ என்று அதை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பிறகுதான் பணம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று சொன்னது. ராஜஸ்தான், குஜராத் பக்கத்துக் கானமயில்களும் சோலார் மின்கம்பிகளும் பற்றிய வழக்கு அது. மனமார வரவேற்கிறேன். அந்த உரிமைக்காக நிலத்தை விட்டு விலகியவர்களுக்கும் ஓர் உரிமை எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.

பேனலுக்கு அடியில் புல் முளைக்கும். அது வளர்ந்து நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும், காய்ந்தால் தீப்பிடிக்கும். ஆகவே வெட்டியே தீர வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோலார் நிலையங்கள் அந்தப் புல்லுக்குச் செம்மறிக் கூட்டத்தை உள்ளே விடுகின்றன, மேய்ப்பவருக்குக் கூலியும் கொடுக்கின்றன. வெள்ளாடு ஆகாது, மேலே ஏறும், ஒயரைக் கடிக்கும். செம்மறி தலை குனிந்து மேயும். எங்கள் பக்கத்துக் கீதாரிகளுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, கிடைக்குக் காசு வாங்குவதும் அவர்களுக்குப் புதிதல்ல. ஒயர்களைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட வேண்டும், வேலியில் ஒரு கதவு வைக்க வேண்டும், கொடுக்கும் காசின் கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் அறிக்கையில் பரிந்துரைப் பக்கத்தின் முதல் மூன்று வரிகள் இவைதான். இந்த முறை எடுக்கச் சொன்னால், எடுக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருக்கிறேன்.